பழைய சமையல்கட்டு: மாடுலர் போடாமல் புதுசாக்க முடியுமா?

கேள்வி: 4 நவம்பர் 2023

கும்பகோணத்தில் அப்பா 1989-இல் கட்டிய வீடு. சமையல்கட்டு பத்துக்கு எட்டு. கடப்பா மேடை, அதன் மேல் இரண்டடி உயரத்துக்கு நாலு அங்குல வெள்ளை டைல்ஸ், அதற்கும் மேல் பச்சை ஆயில் பெயிண்ட். கதவில்லாத சிமெண்ட் ஷெல்ஃப். தரை மொசைக். ஒரே டியூப்லைட், பகலிலும் இருட்டு. மாடுலர் கிச்சன்காரர்கள் (தயார்ப் பெட்டிகளைக் கொண்டுவந்து பொருத்துகிறவர்கள்) வந்து பார்த்துவிட்டு நாலரை லட்சம் என்கிறார்கள்; மேடை, ஷெல்ஃப் எல்லாவற்றையும் உடைக்கணுமாம். என் கையில் ஒரு லட்சம்தான் இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி. சமைப்பது அவர்தான். ஏதாவது வழி இருக்கிறதா?

(இந்தக் கேள்விக்குப் பலர் பதில் எழுதினார்கள். இங்கே இருப்பவை ஒருவர் அடுத்தடுத்து எழுதிய பதில்கள்.)

4 நவம்பர், இரவு

கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி.

மதுரையில் என் மாமனார் 1986-இல் கட்டிய வீட்டிலும் அச்சு அசலாக இதே அடுப்படிதான், பச்சை பெயிண்ட் உட்பட. அந்தக் காலத்துப் பெயிண்ட் கடைகளில் வேறு நிறமே கிடையாதோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

முதலில் கழுவுங்கள். முப்பது வருஷத் தாளிப்பு அந்தச் சுவரில் படிந்திருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் இருக்கிற டைல்ஸை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மஞ்சள் பிசுக்கு சுருண்டு வரும். வெந்நீரில் சலவை சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, பழைய வேட்டித் துணியை நனைத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, சற்று ஊறியதும் தேய்த்தால் போய்விடும். கையுறை அவசியம். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை அலுமினியமாக இருந்தால் அதை மட்டும் சோடாவில் போடாதீர்கள், கறுத்துவிடும். ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். காரணம் நாளைக்கு எழுதுகிறேன்.

5 நவம்பர்

ஆசிட் ஏன் கூடாது என்றால், கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை. புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, தயிர் எது சிந்தினாலும் அந்த இடத்தில் மெருகு அரித்துப்போய்ச் சாம்பல் பூத்துவிடும். உங்கள் மேடையில் அடுப்புக்குப் பக்கத்தில் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும் பாருங்கள், அது அழுக்கு இல்லை. கல்லின் மேல்தோல் கரைந்த இடம். கழிவறை கழுவுகிற ஆசிட்டை அதில் ஊற்றினால் மேடை முழுக்க அப்படியே ஆகிவிடும்.

இன்னொருவர் கடப்பாவில் தேங்காய் எண்ணெய் தடவினால் கருகருவென்று ஆகும் என்று எழுதியிருக்கிறார். ஆகும். விருந்தாளி வருகிற அன்றைக்குத் தடவலாம். இரண்டு நாளில் தூசி ஒட்டி மறுபடி மங்கும்.

5 நவம்பர், மறுபடி

விளக்கைப் பற்றிச் சொல்லவே இல்லையே.

உங்கள் டியூப்லைட் வாசல் நிலைக்கு மேலே இருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன். அந்தக் காலத்து எலக்ட்ரீசியன்கள் எல்லோரும் அங்கேதான் மாட்டினார்கள். அப்படியானால் அடுப்பைப் பார்த்து நிற்கிறவர் முதுகில் வெளிச்சம் விழுகிறது, அவர் நிழல் காய் நறுக்கும் இடத்தில் விழுகிறது. எத்தனை வாட் போட்டாலும் இருட்டு போகாது. மேடைக்கு மேலே ஷெல்ஃபோ பரணோ இருந்தால் அதன் அடியில், முன்பக்க விளிம்பையொட்டி, ஒரு எல்இடி பட்டை விளக்கு மாட்டுங்கள். பெரிய செலவில்லாத வேலை. 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு) என்று அட்டையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 6500 போட்டால் சாம்பார் நீலம் பாய்ந்து தெரியும், 2700 போட்டால் சோறு பழுப்பாகத் தெரியும்.

கழுவுவதையும் விளக்கையும் முடித்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். அதற்குள் வேறு எதையும் முடிவு செய்ய வேண்டாம். பழைய அடுப்படிகளில் பாதிக்குப் பாதி இந்த இரண்டில்தான் மங்கிக் கிடக்கின்றன என்பது என் கட்சி. பலகை விற்கிறவர்கள் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

6 நவம்பர்

அப்புறம், அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் நீளம், அகலம், பட்ஜெட் எல்லாம் இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் இல்லை.

11 நவம்பர்

உங்கள் பதிலைப் படித்தேன். விளக்கு போட்டதும் "இது நம்ம மேடையா" என்று அம்மா கேட்டாராமே, சந்தோஷம். அவர் சொன்ன பட்டியலையும் பார்த்தேன்: தொட்டி உயரமாக வேண்டும், கீழ் ஷெல்ஃபில் குனிந்து எடுக்கிற வேலை இருக்கக்கூடாது, குழாய் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். "அழகாக வேண்டும்" என்று ஒரு வார்த்தைகூட இல்லை, கவனித்தீர்களா?

உயரத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து மேடைகள் பெரும்பாலும் 30 அங்குலம்தான். இப்போது 34 என்கிறார்கள். இரண்டையும் மறந்துவிட்டு அம்மாவை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து அளந்து, அதில் நாலைந்து அங்குலம் கழியுங்கள். காய் நறுக்குவதற்கு அதுதான் அவருக்கான உயரம். அடுப்பு வைக்கிற இடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அடுப்பே ஐந்தாறு அங்குலம் உயரம், அதன் மேல் குக்கர். மேடை முழுவதையும் 34-க்குத் தூக்கினால் குள்ளமான மனுஷி குதிகாலை உயர்த்தி நின்று கிண்ட வேண்டியதுதான். தொட்டி நேர் எதிர். அதன் அடிமட்டம் மேடைக்கு எட்டு அங்குலம் கீழே இருக்கிறது, முதுகு போவது அங்கேதான். ஆகவே தொட்டிப் பக்கம் மட்டும் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி, அடுப்புப் பக்கத்தை அப்படியே விடுங்கள். மேடை படி மாதிரி இருக்கிறதே என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

12 நவம்பர், தீபாவளி

முறுக்கு சுட்டுக்கொண்டே எழுதுகிறேன். சுவரில் இன்றைக்கு மட்டும் ஒரு வருஷத்துக்கான எண்ணெய் ஏறிவிடும். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

19 நவம்பர்

கிரானைட்டா குவார்ட்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளை குவார்ட்ஸ் விளம்பரத்தில் பிரமாதமாக இருக்கிறது. அது கல்தூளையும் பிசினையும் சேர்த்து அழுத்திய பலகை. நம் ஆட்கள் கொதிக்கிற வாணலியை இறக்கி நேராக மேடையில் வைப்பார்கள், பிசின் அந்தச் சூட்டைத் தாங்காமல் மஞ்சளாகிவிடும். மஞ்சள்தூள் கறை வேறு. வெயிலில் மஞ்சள் வெளிறும் என்பது உண்மை, ஆனால் மேடையைக் கழற்றி மொட்டைமாடியில் காயவைக்க முடியாது.

கிரானைட் போடுங்கள். புளிக்கும் அசையாது, சூட்டுக்கும் அசையாது. கடப்பாவை உடைக்கவும் வேண்டாம். அது ஆடாமல் இருந்தால் மேலேயே பசை போட்டு 16, 18 மில்லிமீட்டர் பலகையை ஒட்டிவிடலாம், முக்கால் அங்குலம் உயரும். தொட்டி ஓரத்தையும் ஜன்னல் திண்டையும் மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கும்பகோணத்துக்கு வருகிற கல்லில் நிறைய கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்தான். தண்ணீர் தெளித்த மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கிற நடுத்தர நிறம் எடுங்கள். சுத்தக் கறுப்பில் உப்புத்தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டு ஒவ்வொன்றும் தெரியும்.

20 நவம்பர்

டைல்ஸ். இதில் எனக்குப் பகை உண்டு.

கடைக்குப் போனால் 'ஹைலைட்டர்' என்று ஒன்று காட்டுவார்கள். காபிக் கோப்பை, ஸ்ட்ராபெரி, ஒயின் கிளாஸ், ஏதோ ஒரு வெளிநாட்டுப் பூட்டு போட்ட ஜாடி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்ட்ராபெரி இருக்கிறது. அதை வாங்கித் தின்ற ஆளை நான் பார்த்ததில்லை. படம் போட்டே ஆகவேண்டுமென்றால் முருங்கைக்காய் போடட்டுமே. சீக்கிரமே சலித்துப்போவது இந்தப் படங்கள்தான். உங்கள் வெள்ளை நாலு அங்குலம் முப்பத்தி நாலு வருஷம் தாண்டியும் இன்னும் யாரையும் உறுத்தவில்லை.

கழுவிய பிறகு அந்த வெள்ளை டைல்ஸ் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அழுக்காகத் தெரிவது டைல்ஸ் அல்ல, நடுவில் இருக்கிற வெள்ளை சிமெண்ட் கோடு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்ஸி (பிசின் கலவை) நிரப்பினால் எண்ணெய் உள்ளே இறங்காது. வெளிர் சாம்பல் நிறம் போட்டால் அதுவே இப்போது ஃபேஷன் என்கிறார்கள். நாம் சும்மா இருந்தே ஃபேஷனுக்கு வந்துவிட்டோம்.

மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டலாம். முதலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்பவற்றைப் பெயர்த்துச் சாந்து அடைக்க வேண்டும். ஒட்டுவதற்கு சிமெண்ட் பால் வேலைக்காகாது. பளபளப்பான பரப்பில் அது பிடிக்காது. டைல் மேல் டைல் ஒட்டுவதற்கென்றே பசை மூட்டை விற்கிறது. புதிய டைல்ஸ் பளபளப்பானதாகவே இருக்கட்டும், சொரசொரப்பானதில் தாளிப்பு போய் உட்கார்ந்துகொள்ளும்.

டைல்ஸுக்கு அடிக்கிற பெயிண்ட் பற்றி ஒருவர் கேட்டார். தொட்டி, அடுப்பு இரண்டுக்கும் பக்கத்தில் வேண்டாம். உரிந்து வரும்.

3 டிசம்பர்

ஷெல்ஃபுக்குக் கதவு போட்டாலே பாதி அழகு வந்துவிடும் என்று வேறு மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கண்ணுக்கு நேரே இருக்கிற ஷெல்ஃப் திறந்தே இருக்கட்டும். பருப்பு தீர்ந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரியும், கரப்பான் குடும்பம் நடத்த இடம் கிடைக்காது. டப்பாக்களை ஒரே மாதிரி மாற்றினால் போதும், அதுவும் வரிசையாக. எவர்சில்வர் டப்பாவுக்கு மேல் இதுவரை எதுவும் வரவில்லை.

கீழ் ஷெல்ஃபுக்குக் கதவு போட்டுக்கொள்ளுங்கள். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. தண்ணீர் படுகிற இடத்துக்கு அதுதான். ஐ.எஸ். 303-இல் சாதாரண ரகம் தொட்டிக்கடியில் உப்பிவிடும். கரையான் வருகிற வீடென்றால் மரமே வேண்டாம், அலுமினியச் சட்டம் போட்ட கதவு போதும். ஷெல்ஃப் ஏற்கெனவே சிமெண்டில் இருப்பதால் உங்களுக்குப் பெட்டியே தேவையில்லை, கதவு மட்டும்தான். மாடுலர்காரர் உடைக்கணும் என்று சொன்னது இதனால்தான்: ஷெல்ஃப் இருந்தால் அவர் பெட்டி விற்க முடியாது.

3 டிசம்பர், இரவு

படுத்த பிறகு தோன்றியது. அம்மாவுக்கு முட்டிவலி. கீழே கதவு போட்டால் குனிவதும் இருக்கும், கதவைத் திறக்கிற வேலையும் கூடும். ஆகவே மேடைக்குக் கீழே ஒரு பகுதியில் மட்டும் நடுப்பலகையை எடுத்துவிட்டு இழுப்பறை போடுங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் இது. நின்றபடியே இழுத்தால் மேலிருந்து பார்த்து எடுக்கலாம். கம்பிக்கூடை என்றால் 304 என்கிற ரக எவர்சில்வர். காந்தம் ஒட்டாவிட்டால் அசல் என்று கடையில் காட்டுவார்கள். நம்பாதீர்கள், மலிவான 202-இலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். இழுப்பறை ஓடுகிற தண்டவாளம் எத்தனை கிலோ தாங்கும் என்றும் கேளுங்கள். நம் இட்லிக் கொப்பரையையும் இரும்புத் தோசைக்கல்லையும் நினைத்து யாரும் அதைச் செய்வதில்லை.

கிரைண்டர் இழுப்பறைக்குள் போகக்கூடாது. மேடை மூலையில், பக்கத்திலேயே பிளக்கோடு, நிரந்தரமாக இருக்க வேண்டும். அதைத் தூக்கி எடுத்து வைக்கிற வேலை இருந்தால் கொஞ்ச நாளில் மாவுப் பாக்கெட் வாங்க ஆரம்பித்துவிடுவோம்.

4 டிசம்பர்

சிலிண்டரை அலமாரிக்குள் வைத்துக் கதவு போட்டால் நீட்டாக இருக்கும், காற்றுக்கு மேலே சல்லடை வைத்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். துளை கதவின் அடியில், தரைமட்டத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர் நின்றபடிதான் இருக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில். ரப்பர் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் முதல் செலவு அதுதான். அழகெல்லாம் அப்புறம்.

பிளக் விஷயமும் இதே ரகம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். உங்கள் பழைய பிளக் பெட்டி ஐந்து ஆம்பியர் காலத்தது. அதிலேயே ஒரு மல்ட்டி பிளக் சொருகி மிக்ஸியையும் மாட்டி வைத்திருப்பீர்கள். டைல்ஸ்காரர் வருவதற்கு முன்னால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பிளக் இரண்டு, தடிமனான தனி வயர், பூமிக் கசிவு கண்டு அணைக்கிற பிரேக்கர் எல்லாம் போட்டுவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரை வெட்டுவது பாவம்.

16 டிசம்பர்

சிம்னி வேண்டுமா என்று நாலு பேர் கேட்டாயிற்று. நேராக வெளியே போகிற ஆறு அங்குலக் குழாய் வைக்க முடியுமானால், வளைவு ஒன்று இரண்டோடு முடியுமானால், வையுங்கள். அடுப்புக்கு மேலே 26-இலிருந்து 30 அங்குலம் இடைவெளி. குழாய் இல்லாமல் உள்ளேயே வடிகட்டி விடுகிற ரகம் கரியில் வாசனையைப் பிடிக்கும், சூட்டையும் நீராவியையும் திரும்ப உங்கள் முகத்திலேயே விடும். பழைய வீட்டில் ஏற்கெனவே எக்ஸாஸ்ட் ஓட்டை இருக்கிறது. அதில் புது ஃபேன் போட்டு, எதிர்ப்பக்கம் ஜன்னலையோ கதவையோ திறந்துவைத்தால் மிளகாய் வறுக்கிற நெடியே போகும். எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் அது எங்கேயிருந்து காற்றை இழுக்கும்?

நாளைக்கு மார்கழி பிறக்கிறது, வேலை தொடங்கக்கூடாது என்று அம்மா சொல்வார். நல்லது. கொத்தனார் கிடைக்கிற மாதமும் அது இல்லை. பரணைக் காலி செய்யுங்கள்.

14 ஜனவரி 2024, போகி

பரணிலிருந்து இறங்கியவற்றின் படத்தைப் பார்த்தேன். பதினேழு குத்துவிளக்கா? எங்கள் வீட்டிலும் இப்படித்தான், கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடம் வரிசையாக, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். பெயர் வெட்டியதால் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, அதற்காகத்தானே வெட்டுகிறார்கள். பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு அந்தப் பணத்தில் ஒரே அளவு டப்பாக்கள் வாங்கினேன். என் நாத்தனார் பெயர் போட்ட குடத்தை மட்டும் வைத்திருக்கிறேன். அவர் அடிக்கடி வருவார்.

பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள்.

28 ஜனவரி

வாஸ்து பார்க்க ஆள் வந்து அடுப்பு அக்னி மூலையில் இல்லை என்றாராம். தென்கிழக்கில் உங்களுக்கு இருப்பது ஜன்னலா சுவரா என்று எழுதுங்கள். ஜன்னல் என்றால் காற்றில் தீ அலையும், வைக்க வேண்டாம். அம்மாவுக்குக் கிழக்கு பார்த்து நின்று சமைக்க வேண்டுமென்றால் அதைச் செய்துகொடுங்கள்; அதற்குச் செலவில்லை. மேடையை இடிக்கச் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பச்சை ஆயில் பெயிண்ட் மேல் பட்டி (சுவரைச் சமப்படுத்துகிற பூச்சு) பிடிக்காது என்று பெயிண்டர் சொன்னது சரி. உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்துவிட்டு, பிரைமர் அடித்து, அப்புறம்தான் எதுவும். நிறம் வெள்ளைக்குப் பக்கத்தில் ஏதாவது. மங்கலான மஞ்சள் வேண்டாம், பிசுக்கும் அதுவும் ஒரே நிறம், எது எது என்று தெரியாது.

10 மார்ச்

மொசைக் தரையை எடுத்துவிட்டு விட்ரிஃபைட் டைல்ஸ் போடலாமா என்று உங்கள் மைத்துனர் கேட்கிறாராம். கேட்கட்டும். அந்தத் தரையை மிஷின் வைத்து உரசிப் பாலிஷ் போட்டால் கல் சில்லுகள் புதுசாக எழுந்து வரும். ஒன்று மட்டும்: உரசும்போது சேறு நாலு பக்கமும் தெறிக்கும். ஆகவே வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வயர், தண்ணீர்க் குழாய், கிரானைட், டைல்ஸ் கோடு, தரை பாலிஷ், பெயிண்ட், கடைசியாகக் கதவும் இழுப்பறையும். ஆசாரி முன்னாலேயே வருகிறேன் என்பார். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

11 மார்ச்

குழாயை விட்டுவிட்டேன். கழுத்து வளைந்து உயரமாக இருக்கிற ரகமாக வாங்குங்கள், அடியில் இட்லிக் கொப்பரையை வைத்துப் பிடிக்க முடிகிறதா என்று கடையிலேயே அளந்து பார்த்துவிட்டு.